கணக்குக் கேட்ட மகளிர்: இராஜஸ்தான் மக்கள் விசாரணைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மகளிர் முன்னேற்றம் பற்றிப் பேசுவோர் கல்வி, வாக்குரிமை, தொழில்வாய்ப்பு, சொத்துரிமை ஆகிய நான்கையுமே பெரும்பாலும் அளவுகோல்களாகக் கொள்வர். இவை யாவும் இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயின் இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க வேறோர் உரிமையும் உண்டு. ஒரு கிராமத்தில் பொதுப் பணத்தைக் கொண்டு குளம் தோண்டப்படுகின்றது, வீதி அமைக்கப்படுகின்றது, பாடசாலைக் கட்டடம் எழுப்பப்படுகின்றது. அவ்வேலையில் மண் சுமந்தவள் பெண். ஆனால் எவ்வளவு மண் வெட்டப்பட்டது, எத்தனை பேர் வேலை செய்தனர், எத்தனை மூடை சீமெந்து வந்திறங்கியது, வேலை செவ்வனே நிறைவேறியதா என்பவற்றை அளந்தும் எழுதியும் தீர்மானிக்கும் உரிமை அவளிடம் இருந்ததில்லை. அளப்பவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர், எழுதியதைப் பூட்டி வைப்பவர் வேறொருவர். இம்மூவரும் ஆடவராகவும், மேற்சாதியினராகவும், எழுத்தறிந்தோராகவும் இருந்தமையே நெடுங்கால வழக்கு.

இந்த வழக்கினை எதிர்த்து, தாம் செய்த வேலையின் கணக்கைத் தாமே பார்த்துச் சரிபிழை சொல்ல வேண்டுமெனக் கிராமத்துப் பெண்கள் எழுந்த வரலாறு இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கூற்றில் இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில் நிகழ்ந்தது. அபிவிருத்தித் துறையினர் இன்று ‘பங்கேற்புக் கண்காணிப்பு’ என்றும் ‘பங்கேற்பு மதிப்பீடு’ என்றும் வழங்கும் சொற்கள் அப்பெண்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனினும் அச்சொற்களின் உட்பொருளைத் தம் நடைமுறையால் அவர்கள் உருவாக்கினர். அந்த நடைமுறை எவ்வாறு தோன்றியது, அதனால் மகளிர் எய்தியது யாது, எய்தாதது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரட்சியும் நிவாரண வேலையும்

இராஜஸ்தானின் பெரும்பகுதி மழை பொய்க்கும் நிலம். விக்கிரம ஆண்டு 1956 இல், அதாவது 1899–1900 இல், நேர்ந்த கொடும் பஞ்சம் ‘சப்பனியா’ என்ற பெயரில் அம்மக்களின் நினைவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. பஞ்ச காலத்தில் மக்களுக்குக் கூலி வேலை கொடுத்து உயிர் காப்பது என்ற கொள்கை பிரித்தானிய ஆட்சியில் 1880களில் பஞ்ச விதிக்கோவைகளாக வரையறுக்கப்பட்டது. கல்லுடைத்தலும் குளம் தோண்டுதலும் வீதி அமைத்தலும் இத்தகைய வேலைகளாம். இவ்விதிகள் ஆடவருக்கும் பெண்டிருக்கும் சிறுவருக்கும் வெவ்வேறு கூலியினை வகுத்தன. இவற்றிற்கு முன்னரே, 1877 இல் சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது சேர் ரிச்சட் டெம்பிள் விதித்த கூலி, நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் என்ற மிகக் குறைந்த அளவினதாக இருந்தது. பெண்களுக்கு அதனினும் குறைவாகவே கொடுக்கப்பட்டது. அப்பஞ்சத்திலிருந்து தப்பி இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தோர் பெருந்தொகையினர் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தகைய நிவாரண வேலையின் அடிப்படை அளவையாகும். கொடுக்கும் கூலி நாளுக்கன்று, செய்த வேலைக்கே என்பது விதி. எனவே வேலையை அளப்பவரின் கையிலேயே கூலியின் அளவும் தங்கியிருந்தது. இந்தியா 1947 இல் சுதந்திரம் அடைந்த பின்னரும் இந்த அமைப்பு பெரிதும் மாறவில்லை. 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஜாகீர் என்னும் நிலமானிய உரிமை ஒழிக்கப்பட்டதாயினும், கிராமங்களில் மேற்சாதி நிலவுடைமையாளரின் செல்வாக்கு எளிதில் மறையவில்லை. வரட்சிக் காலங்களில் ஆடவர் பலர் குஜராத்திலும் பிற இடங்களிலும் உள்ள நகரங்களுக்குத் தொழில் தேடிச் சென்றனர். வயோதிபரையும் குழந்தைகளையும் கால்நடைகளையும் பேணிக்கொண்டு கிராமத்தில் எஞ்சியவர் பெண்களே. ஆதலின் நிவாரண வேலைத்தலங்களில் பெண்களின் தொகை மிகுந்து காணப்பட்டதில் வியப்பில்லை. 1991 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இராஜஸ்தானில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் மட்டுமே. முகத்தை முக்காட்டால் மறைத்து, ஆடவர் முன்னிலையில் வாய் திறவாதிருப்பதே நற்பண்பு எனக் கற்பிக்கப்பட்ட சமூகம் அது. எழுதப்பட்ட ஏட்டிற்கும் பெண்ணுக்குமிடையே இருந்த தூரத்தை உணர இவை போதுமானவை.

ஹர்மாடாவும் 1983 ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

இவ்வரலாற்றின் முதற்கட்டம் அஜ்மீர் மாவட்டத்தில் நிகழ்ந்தது. அம்மாவட்டத்தின் திலோனியாக் கிராமத்தில் 1972 இல் பங்கர் ரோய் என வழங்கப்படும் சஞ்சித் ரோய் ஒரு சமூகப்பணி நிலையத்தை நிறுவியிருந்தார். அயலிலுள்ள ஹர்மாடாவில் பஞ்ச நிவாரணமாக நடைபெற்ற வீதி வேலையில், நாளொன்றுக்கு 7 ரூபாய் என்ற சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியிலும் குறைவாகவே தொழிலாளருக்குக் கிடைத்தது. தொழிலாளரைக் குழுக்களாகப் பிரித்து, குழு முழுவதும் செய்த வேலையை ஒன்றாக அளந்து, கிடைத்த தொகையைப் பங்கிடும் முறையே இதற்குக் காரணமாகும். ஒரு குழுவிற் சிலர் வராதுவிடினும், வராதவர் வந்ததாக எழுதப்படினும், உழைத்தவரின் பங்கே குறைந்தது. இதனை எதிர்த்துப் பேசியோருள் நௌர்த்தி பாய் என்னும் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்மணி முதன்மையானவர். பிற்காலத்தில் எழுத்தறிவு பெற்று, 2010 இல் தமது கிராமப் பஞ்சாயத்தின் தலைவராகவும் அவர் தெரிவானார்.

இப்பிரச்சினை சஞ்சித் ரோயின் மனுவாக இந்திய உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. பஞ்ச நிவாரண வேலைகளுக்குத் தொழிற்சட்டங்கள் பொருந்தாவென 1964 ஆம் ஆண்டு மாநிலச் சட்டமொன்று விலக்களித்திருந்தது. நீதியரசர்கள் பகவதி, பாதக் ஆகியோர் 1983 இல் வழங்கிய தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலியைப் பொறுத்தவரையில் அவ்விலக்குச் செல்லாதெனக் கூறிற்று. பசித்தவன் உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்க அரசுக்கும் உரிமையில்லை என்பதே அதன் சாரம். எனினும் இத்தீர்ப்பு ஒரு கேள்வியைத் தீர்க்காமலே விட்டது. குறைந்தபட்சக் கூலி உண்டென்று நீதிமன்றம் கூறலாம். ஆனால் ‘நீ அவ்வளவு வேலை செய்யவில்லை’ என்று அளவைப் புத்தகம் கூறுமாயின் அதனை மறுப்பது எங்ஙனம்? அடுத்து வந்த பத்தாண்டுகளின் வரலாறு இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

இரகசியம் என்ற சுவர்

1984 இல் இராஜஸ்தான் அரசு மகளிர் அபிவிருத்தித் திட்டமொன்றைத் தொடங்கி, ‘சாதின்’, அதாவது தோழி, என்ற பெயரில் கிராமப் பெண்களையே பணியாளராக நியமித்தது. அப்பெண்கள் கூலி, நிவாரண வேலை, குழந்தை மணம் ஆகிய பிரச்சினைகளைப் பேசத் தொடங்கினர். 1987 இல் மீண்டும் கடும் வரட்சி வந்தது. அவ்வாண்டிலேயே அருணா ரோய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்டுங்கரி என்னும் சிற்றூரில் ஒரு மண்வீட்டிற் குடியேறினர். அருணா ரோய் 1968 இல் இந்திய ஆட்சிப் பணியிற் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதனைத் துறந்து, திலோனியாவிற் பணியாற்றியவர். இவர்களும் அப்பகுதி விவசாயிகளும் தொழிலாளரும் சேர்ந்து 1990 மே முதலாம் திகதி பீம் என்னுமிடத்தில் ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்’ என்ற அமைப்பை நிறுவினர். தொழிலாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு என்பது அதன் பொருள்.

குறைந்தபட்சக் கூலியைக் கேட்டு இவ்வமைப்பினர் 1990 இலும் 1991 இலும் உண்ணாவிரதம் இருந்தனர். கூலி கேட்டபோதெல்லாம் கிடைத்த மறுமொழி ஒன்றே: வேலை போதாது என்று பதிவேடு சொல்கின்றது. பதிவேட்டைக் காட்டுக என்றால், அது அரசாங்க இரகசியம். 1923 ஆம் ஆண்டில் அந்நிய ஆட்சியாளர் இயற்றிய உத்தியோக இரகசியச் சட்டத்தின் மனப்பாங்கு, குளம் வெட்டிய கணக்கையும் நாட்டின் பாதுகாப்புப் போன்று மறைத்து வைத்தது. இந்நிலையில், கூலிப் போராட்டம் இயல்பாகவே தகவற் போராட்டமாக மாறிற்று. தகவல் அறியும் உரிமை நகரத்துப் பத்திரிகையாளரும் சட்டவறிஞரும் மட்டும் கேட்ட உரிமையெனக் கருதுவது பொருந்தாது. மண்வெட்டியும் கூடையும் ஏந்திய கைகளுக்குக் கூலி குறைந்த இடத்திலேயே அதன் வேர் உள்ளது.

மக்கள் விசாரணை

1994 டிசெம்பர் 2 ஆந் திகதி பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் ஊரில் முதலாவது ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணை, நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய இடங்களிலும் 1995 ஏப்பிரல் வரையில் விசாரணைகள் நடைபெற்றன. இவற்றின் நடைமுறை சற்று விரிவாக நோக்கத்தக்கது. பங்கேற்பு மதிப்பீடு என்பதன் முழு இயல்பும் இதிலேயே வெளிப்படுகின்றது.

முதற்கண், பஞ்சாயத்து வேலைகள் பற்றிய வரவு இடாப்பு, அளவைப் புத்தகம், பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகள் அரிதின் முயன்று பெறப்பட்டன. பின்னர் அவை வேலை வாரியாகப் பிரிக்கப்பட்டு, எளிய மொழியில் எழுதப்பட்டன. அதன்பின் அமைப்பினர் வீடு வீடாகச் சென்று, இடாப்பிற் பெயருள்ளவரிடம் அவரவர் கணக்கை வாசித்துக் காட்டினர். ‘இந்த நாட்களில் நீ வேலை செய்தாயா? இவ்வளவு கூலி பெற்றாயா? இக்கைநாட்டு உன்னுடையதா?’ என்பவையே வினாக்கள். இறுதியாகக் குறித்த நாளிற் கிராமத்தின் நடுவே பந்தலிட்டு, யாவரும் அறிய அதே கணக்குகள் உரத்து வாசிக்கப்பட்டன. உத்தியோகத்தரும் பஞ்சாயத்துத் தலைவரும் தம் பக்கத்தைக் கூற அழைக்கப்பட்டனர். வெளியூரிலிருந்து வந்த சட்டத்தரணிகளும் எழுத்தாளரும் ஆசிரியரும் நடுவராக அமர்ந்திருந்தனர்.

அவ்வாறு வாசிக்கப்பட்டபோது வெளிப்பட்டவை பலவாகும். இறந்தோரின் பெயரிற் கூலி வழங்கப்பட்டிருந்தது. தொழில் தேடி ஊர் விட்டுச் சென்றவர் வேலைத்தலத்தில் உழைத்ததாக எழுதப்பட்டிருந்தது. அரைகுறையாக நின்ற கட்டடம் முற்றுப்பெற்றதாகப் பதியப்பட்டிருந்தது. வந்திறங்காத கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் வண்டிக்கூலி கொடுக்கப்பட்டிருந்தது. ஏட்டிலன்றி வேறெங்கும் இல்லாத வியாபார நிலையத்தின் பெயராற் பணம் எடுக்கப்பட்டிருந்தது.

இவ்விடத்திற் பெண்களின் பங்கு தனிச்சிறப்புடையது. பதிவேடு தானாகப் பேசாது. அதிற் பொய் உள்ளதா, மெய் உள்ளதா என்பதை அறிய வேலைத்தலத்தில் நாள்தோறும் நின்றவரின் நினைவு வேண்டும். யார் வந்தார், யார் வரவில்லை, குழந்தை பெற்றமையால் எவள் எந்த மாதம் வரவில்லை, எத்தனை ஒட்டக வண்டிகள் கல் கொணர்ந்தன, எந்த இடத்தில் அத்திவாரம் ஆழமாக வெட்டப்படவில்லை என்பவற்றைப் பெண்கள் விரல்விட்டுச் சொல்லக்கூடியவராயிருந்தனர். எழுத்தறியாமை காரணமாக ஏட்டிலிருந்து விலக்கப்பட்ட அவர்களே ஏட்டின் உண்மையைச் சோதிக்கும் சான்றாளராயினர். கணக்கியலிற் பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகத்தர் தலைநகரிலிருந்து வந்து இதே பதிவேட்டைப் பரிசோதித்திருப்பாராயின், கூட்டற் பிழையின்றி ஒப்பமும் முத்திரையும் உள்ள ஏட்டிற் குறை காண்பது அவருக்கு அரிதாகவே இருந்திருக்கும். இறந்தவரின் பெயரை இறந்தவரின் அயலவளே கண்டு சொல்ல முடியும். பங்கேற்பு மதிப்பீட்டின் அறிவியல் அடிப்படை இதுவேயன்றி வேறன்று.

பியாவர் முதல் புதுதில்லி வரை

விசாரணைகளின் விளைவு விரைவிலேயே தென்பட்டது. பதிவேடுகளை வெளியார்க்குக் காட்ட இயலாதெனப் பஞ்சாயத்துச் செயலாளர்களான கிராம சேவகர்கள் எதிர்ப்புக் காட்டினர். மறுபுறத்தில், அபிவிருத்தி வேலைகளின் பதிவேட்டுப் பிரதிகளை மக்கள் பெறலாமென முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் 1995 ஏப்பிரலிற் சட்டசபையில் உறுதியளித்தார். ஓராண்டு கழிந்தும் அவ்வுறுதி ஆணையாகவில்லை. ஆகவே 1996 ஏப்பிரல் 6 ஆந் திகதி பியாவர் நகரில் மறியற் போராட்டம் தொடங்கிற்று. பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்ற காலம் அது. அயற்கிராமங்களின் குடும்பங்கள் தானியமும் சில நாள் உழைப்பும் தந்து நாற்பது நாட்கள் அதனைத் தாங்கின. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு நகர வீதியோரத்தில் அமர்ந்திருந்த பெண்கள், அதுவரை தம் கிராமத்திற்கு வெளியே பொதுமேடை எதனையும் அறிந்திராதவர்.

நான்காம் வகுப்பு வரையே படித்த ஒரு பெண்ணிடம், இந்தத் தகவல் உனக்கு எதற்கு என்று பத்திரிகையாளர் வினவியதாகவும், பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்பேனே, என் பெயராற் கோடி கோடியாகச் செலவிடும் அரசிடம் கேட்கக் கூடாதா என்ற கருத்துப்பட அவள் விடையிறுத்ததாகவும் இவ்வியக்கத்தினர் எடுத்துரைப்பர். ‘நம் பணம், நம் கணக்கு’ என்பது இயக்கத்தின் முழக்கமாயிற்று. இவ்விடையில் ஆழ்ந்த அரசியற் கருத்தொன்று பொதிந்துள்ளது. வீட்டு வரவு செலவைப் பேணுவது பெண்ணின் கடமையென்று காலங்காலமாகச் சமூகம் கூறிவந்தது. அந்தக் கடமையையே அவள் அரசுக்கு எதிரான உரிமையாகத் திருப்பி வைத்தாள்.

1997 இல் தலைநகர் ஜெய்ப்பூரில் ஐம்பது நாட்களுக்கு மேல் மற்றுமொரு மறியல் நடைபெற்றது. அதன் இறுதியிலேயே பஞ்சாயத்துப் பதிவேடுகளின் பிரதிகளை மக்கள் பெற வழிசெய்யும் விதி முன்னரே திருத்தப்பட்டுவிட்டதென அரசு வெளியிட்டது. தகவல் பெறும் உரிமை பற்றிய விதியே மக்களுக்குத் தெரியாது மறைந்திருந்த விந்தையை என்னென்பது! 2000 ஆம் ஆண்டில் இராஜஸ்தானும் 2005 இல் இந்திய மத்திய அரசும் தகவல் அறியும் உரிமைச் சட்டங்களை இயற்றின. மத்திய சட்டம் 2005 ஒக்டோபர் 12 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

சட்டமாகிய வழக்கம்

அதே 2005 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், தமிழ்நாட்டில் ‘நூறு நாள் வேலை’ எனப் பெயர் பெற்றது. கிராமக் குடும்பமொன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலையை அது உறுதி செய்தது. பயனடைவோரில் மூன்றிலொரு பங்கினர் பெண்களாதல் வேண்டுமெனவும் விதித்தது. அதன் 17 ஆம் பிரிவு, கிராம சபையே வேலைகள் யாவற்றையும் சமூகக் கணக்காய்வு செய்ய வேண்டும் எனக் கூறிற்று. கோட் கிரானாவில் அனுமதியின்றி நடைபெற்ற ஒன்று, பதினொரு ஆண்டுகளில் நாட்டின் சட்டமாயிற்று. 2006 ஏப்பிரலில் இராஜஸ்தானின் டுங்கர்பூர் மாவட்டத்தில் 237 பஞ்சாயத்துகளுக்கும் தொண்டர் குழுக்கள் நடந்து சென்று கணக்காய்வு நடத்தின. ஆந்திர மாநிலம் 2009 இல் இதற்கெனத் தனி நிறுவனமொன்றை அமைத்து, கூலித்தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞரையும் யுவதிகளையும் கணக்காய்வாளராகப் பயிற்றியது. தமிழ்நாட்டில் 2013 இல் சமூகக் கணக்காய்வுச் சங்கம் அமைக்கப்பட்டது. 2017 இல் மேகாலயம் சமூகக் கணக்காய்வுக்கெனத் தனிச் சட்டமே இயற்றிய முதல் மாநிலமாயிற்று.

சட்டம் மூன்றிலொரு பங்கினைக் கேட்டது. ஆயின் காலப்போக்கில் நாடளாவிய ரீதியில் வேலை நாட்களிற் பாதிக்கு மேற்பட்டவை பெண்களுடையவாயின. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மிகப் பெரும்பகுதியினர் பெண்களே. ஆதலால் இவ்வேலைகளை மதிப்பிடும் உரிமை என்பது பெரும்பான்மையும் பெண்களின் உழைப்பைப் பெண்களே மதிப்பிடும் உரிமையாக அமைந்தது.

எய்தியதும் எய்தாததும்

இவ்வரலாற்றைப் புகழ்ந்து முடித்துவிடல் ஆய்வாளருக்கு அழகன்று. இவ்வியக்கத்தின் வழிகாட்டிகள் பலர் நகர்ப்புறக் கல்வி பெற்றோர் என்றும், கிராமத்துப் பெண்கள் கூட்டத்தை நிரப்பியோர் மட்டுமே என்றும் ஒரு கருத்துக் கூறப்படலாம். வழிகாட்டிகள் பற்றிய கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் மேலே காட்டியவாறு, விசாரணையின் உயிர்நாடியாகிய சான்று அப்பெண்களிடமே இருந்தது. அவர்கள் பேசாதிருப்பின் பதிவேட்டுப் பிரதிகள் வெறுங் காகிதங்களே. இதனினும் வலுவான கண்டனம் வேறொன்றாகும். மக்கள் விசாரணை பஞ்சாயத்துக் கணக்கைக் கேட்டது. வீட்டின் கணக்கைக் கேட்கவில்லை. கூலியை முழுமையாகப் பெற்ற பெண், அக்கூலி வீட்டில் எவர் கையிற் சேர்ந்தது என்பதைப் பொதுமன்றிற் பேச இடமிருக்கவில்லை. கூட்டத்திற்குச் சென்று வந்த நாளிலும் தண்ணீரும் விறகும் அவளே சுமந்தாள். இவ்வகையில் அவள் பெற்ற வலிமை ஒரு பக்கத்தினதே.

பெண்ணை அதிகாரத்தில் அமர்த்துவதும் பெண் அதிகாரம் பெறுவதும் ஒன்றல்ல என்பதற்கும் இவ்வரலாறு சான்று தருகின்றது. 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 இல் நடைமுறைக்கு வந்ததும் பஞ்சாயத்துகளில் மூன்றிலொரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 1998 ஜனவரியிற் குக்கர்கேடா என்னும் ஊரில் நடைபெற்ற விசாரணையில், ஒரு பெண் தலைவரே குறைபட்ட பணத்திற்குப் பொறுப்பேற்று ஓர் இலட்சம் ரூபாயைத் திருப்பிச் செலுத்த முன்வந்தார். பெண் தலைவர் பலரின் பதவிக்காலத்தில் காசோலையை எழுதியவர் செயலாளராகவும், கட்டளையிட்டவர் கணவராகவும் இருந்தமை இந்தியக் கிராமங்களிற் பொதுவாகக் காணப்பட்டதே. ஒப்பமிட்டவளே உலகின் முன் பதில் சொல்ல வேண்டியவள். எனவே கணக்காய்வு, எழுத்தறியாத பெண் தலைவர்களுக்கு ஒரு பொறியாகவும் அமையக்கூடும். அதே வேளையில், தன் பெயரால் என்ன எழுதப்படுகின்றது என்பதை அவள் கேட்டறிய அதுவே ஏதுவாகவும் அமையக்கூடும். எது நிகழும் என்பது அவளுக்குப் பக்கத்துணையாக நிற்கும் பெண்கள் கூட்டத்தின் வலிமையைப் பொறுத்தது.

கேள்வி கேட்ட பெண் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. சாதினாகப் பணியாற்றிய பன்வாரி தேவி, குழந்தை மணத்தைத் தடுக்க முயன்றமைக்காக 1992 இற் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995 இற் கீழ்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் நிமித்தம் மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கிலேயே, வேலைத்தலங்களிற் பெண்களைப் பாதுகாக்கும் விசாகா நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 1997 இல் வகுத்தது. நாடு முழுவதிலுமுள்ள பெண்களுக்குப் பாதுகாப்புத் தந்த அவ்வழக்கின் மூலகாரணமானவருக்கு நீதி கிட்டாமை, இவ்வரலாற்றின் ஆறாத வடுவாகும்.

இறுதியாக, இயக்கத்திலிருந்து பிறந்த முறை அரசின் நடைமுறையாக மாறும்பொழுது நேரும் தேய்வும் கவனிக்கத்தக்கது. பந்தலின் கீழ் ஊரே கூடிக் கேட்ட கேள்விகள், பல இடங்களில் நிரப்பப்படும் படிவங்களாகச் சுருங்கின. கைபேசி வாயிலாக வரவைப் பதியும் முறை 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. ஊழலைத் தடுப்பதே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. ஆயின் இணையத் தொடர்பு கிட்டாத இடத்தில், உழைத்த நாளும் உழையாத நாளாகப் பதியப்படும் நிலை எழுந்தது. முன்னர் பெட்டியிற் பூட்டப்பட்டிருந்த ஏடு, இப்போது எங்கோ தொலைவிலுள்ள இயந்திரத்துள் இருந்தது. 2025 டிசெம்பரில் இச்சட்டத்திற்குப் பதிலாகப் புதியதொரு சட்டத்தை இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஏட்டின் வடிவமும் சட்டத்தின் பெயரும் மாறலாம். உழைத்தவள் அதனைப் பார்த்து மறுக்க முடியுமா என்ற வினா மாறுவதில்லை.

நமக்குரிய பாடம்

இந்த வினா நமது நாட்டிற்கும் அந்நியமானதன்று. மலையகத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண் தன் கூடையைத் தராசிலேற்றுகின்றாள். நிறுப்பவர் கணக்கப்பிள்ளை. கூடைக்கும் ஈரத்திற்குமெனக் கழித்து, எஞ்சிய நிறையே செக்ரோலிற் பதியப்படுகின்றது. அன்றைய உழைப்பு முழுப் பேரா, அரைப் பேரா என்பதை அந்த எழுத்தே தீர்மானிக்கின்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி 1984 இலேயே தோட்டங்களிற் கிடைத்தது. கூலி சமமாகியது, ஆனால் தராசின் முள்ளைப் பார்க்கும் உரிமை சமமாகியதா? ஹர்மாடாவின் பெண்கள் எதிர்கொண்ட அதே கேள்வி இது.

வடக்கிலும் கிழக்கிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் உள. வீதி, கிணறு, வீடு என வந்த திட்டங்களின் கூட்டங்களுக்குப் பெண்கள் வந்து அமர்ந்து ஒப்பமிட்டதுண்டு. வருகையை எண்ணுவது பங்கேற்பாகாது; மதிப்பீட்டுக் கேள்விகளை வகுத்தவர் யார், விடையைப் பார்த்தவர் யார் என்பதே பங்கேற்பின் உரைகல். இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடங்கள் ஒதுக்கும் ஏற்பாடு 2018 ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறையாகச் செயற்பட்டது. சட்டக் கருவிகள் இரண்டும் நம் கையில் உள்ளன. இராஜஸ்தானிற் சட்டம் வருமுன்னரே கேள்வி எழுந்தது. இங்கு சட்டம் வந்தபின்னும் கேள்வி போதிய அளவில் எழவில்லை.

தொகுத்து நோக்கின், மூன்று உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, மதிப்பிடும் உரிமை மகளிருக்கு எவராலும் கொடையாக அளிக்கப்பட்டதன்று. கூலியிழந்த அனுபவத்திலிருந்து அவர்கள் அதனைத் தாமே கண்டறிந்தனர். இரண்டு, எழுத்தறிவின்மை அவ்வுரிமைக்கு முற்றான தடையன்று. ஏட்டை வாசித்துக் காட்ட ஒருவர் உண்டாயின், அதன் பொய்யைக் கண்டு சொல்ல உழைத்தவரின் நினைவு போதும். மூன்று, பொதுக் கணக்கைக் கேட்கும் பெண்ணுக்கு வீட்டிலும் வீதியிலும் பாதுகாப்பில்லாவிடின், அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். ஏட்டை வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டும் என்றோமல்லவா? பல்கலைக்கழகக் கல்வி பெறும் நம் போன்றோர் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் செய்யத்தக்க பணி அதுவேயாகும். வாசித்தல் நம் கடமை. தீர்ப்புச் சொல்லுதல் அவர்களின் உரிமை.